ஒன்பதாம் இடத்துக் கணினியும் அம்மாவின் விரல்களும்

வேகம் என்பது கேட்டு வாங்குவதல்ல, பறித்துக்கொள்வது என்ற மாபெரும் உண்மையை உலகத்துக்கு அறிவித்தவர்கள் ஓவர்கிளாக்கர்கள். தொழிற்சாலையில் கணினியின் மூளையான பிராசசரைச் செய்து, 'இது நொடிக்கு நானூற்றிருபது கோடி முறை துடிக்கும்' என்று அடக்கமாக எழுதி அனுப்புகிறார்களே, அது அந்தத் தொழிற்சாலையின் தாழ்வு மனப்பான்மை. அதே பிராசசரின் காதைத் திருகி ஐந்நூறு கோடி முறை துடிக்க வைப்பவரே ஓவர்கிளாக்கர். இந்தத் தியாகிகளின் வரிசையில் நானும் ஒருத்தி என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் பறித்த இடம் எங்கள் வீட்டு ஹாலின் மூலை. அங்கேதான் அந்தக் கணினி இருந்தது, பழைய தலையணை உறையைப் போர்த்திக்கொண்டு. அதற்குச் சொந்தக்காரி அம்மா. இருபத்திரண்டு வருடமாக ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பவர். அச்சகத்தில் அவருக்குப் பெயர் 'பிழையில்லாத கை'. அங்கே பிழை திருத்துபவருக்குப் பெயர் 'ஒற்று'. எந்தத் தாளைக் கொடுத்தாலும் இங்கே ஒற்று மிகும், அங்கே மிகாது என்று சிவப்புப் பேனாவால் குதறிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் அம்மாவின் தாளை மட்டும் வாங்கி, மூடியைக் கழற்றாமல் பேனாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வாராம்.

அந்த அச்சகம் ஒரு பெரிய அகராதி போடப் போகிறது. அதைத் தட்டச்சு செய்கிறவரின் பெயர் உள்பக்கத்தில் அச்சாகும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேருடைய பெயரை அடித்துக் கொடுத்த அம்மாவின் பெயர் இதுவரை எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை. இப்போது கையில் இருக்கும் வேலை, ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பொன்விழா மலர். அது சுத்தமாக முடிந்தால் அகராதி அம்மாவுக்குத்தான் என்று ஒற்று சொல்லியிருந்தார். அம்மா இதை எங்களிடம் ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டே சொன்னார். அதிலிருந்தே அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அப்போது நான் மேலான ஒரு காரியத்தில் இருந்தேன். 'அதிவேகப் பேரவை' என்ற இணையக் குழுவில் சேர்ந்திருந்தேன். அதன் தலைவர் 'கொதிகலன்'. முகம் பார்த்ததில்லை, குரல்தான். குழுவில் ஒரு தரவரிசைப் பட்டியல் உண்டு. அதில் முதல் பத்துக்குள் வருவது பிறவிப் பயன்.

முதலில் பிராசசர். அது இரண்டே நாளில் பணிந்துவிட்டது. இங்கே ஒரு புள்ளிவிவரம். அம்மா ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் அந்தக் கணினி நூற்றைந்து கோடி முறை சும்மா இருந்துகொண்டிருந்தது. என் உழைப்புக்குப் பிறகு நூற்றிருபத்தைந்து கோடி முறை சும்மா இருக்கிறது. நாகரிகம் இப்படித்தான் முன்னேறுகிறது.

அடுத்தது ராம். தட்டுகிற எழுத்தையெல்லாம் சேமிக்கும் வரை கையில் ஏந்திக்கொண்டு நிற்கும் பலகை. மூவாயிரத்து இருநூறு என்று எழுதியிருந்த அதை மூவாயிரத்து எண்ணூறுக்கு ஏற்றினேன். மானிட்டர் இருண்டது. பெட்டிக்குள்ளிருந்து மூன்று தடவை 'பீப்'.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்னடி, மெஷின் கத்துது?"

"கத்தலம்மா, பேசுது."

"என்னன்னு?"

"ராமுக்கு இந்த வேகம் பிடிக்கலையாம்."

"பிடிக்கலைன்னா விட்டுடேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

விஞ்ஞானத்தின் எதிரிகள் எப்போதும் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். நான் கொதிகலனைக் கூப்பிட்டேன்.

"பதறாத தங்கச்சி. உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அத கழட்டி மாட்டு. எல்லாம் மறந்துட்டு புதுசா எழுந்திருக்கும். அப்புறம் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. ஒரு நேரத்துல ஒரு பாகம்தான் மாத்தணும். ரெண்ட சேத்து மாத்தினா எது குத்தவாளின்னு தெரியாது."

இந்த மகா வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பேட்டரியைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். அம்மா அதைச் சட்டைப் பொத்தான் என்று நினைத்துத் தையல் டப்பாவில் போட்டுவிட்டார். தேடிக் கண்டுபிடித்து மாட்டியபோது கணினிக்கு வருடமே மறந்துபோயிருந்தது. அதைச் சரிசெய்யும் முன்பே அப்பா தன் அலுவலகத்துக்கு ஒரு விடுப்புக் கடிதம் அடித்து அனுப்பிவிட்டார், பன்னிரண்டு வருடம் முந்தைய தேதியில். 'பரிசீலித்து ஒப்புதல் அளிக்கப்பட்டது' என்று பதிலும் வந்தது. அப்பா அங்கே பிரிவு மேற்பார்வையாளர். அது எப்படிப்பட்ட அலுவலகம் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

மின் அழுத்தத்தை ஒரு துளி ஏற்றினேன். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபேனை உள்ளே பார்த்து வைத்தேன். ஆறாவது நாள் காலையில் அது எழுந்து நின்றது. சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை.

"பத்து நிமிஷம் போதுமா?" என்று கேட்டேன்.

"ஸ்க்ரீன்ஷாட் எடுக்க எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார் கொதிகலன்.

"ஒரு செகண்டு."

"அப்ப மிச்சம் ஒம்பது நிமிஷம் அம்பத்தொம்பது செகண்டு உபரி. ஸ்டேபிள்னு போட்டுக்கோ!"

போட்டேன். ஒன்பதாம் இடம் கிடைத்தது. அறுபத்து நான்கு பேர் நெருப்புப் படம் போட்டு வாழ்த்தினார்கள். அம்மாவிடம் காட்டினேன். "எதுக்கு இத்தனை பேர் நெருப்பு வெச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு மலரின் முதல் பகுதியை அடிக்க உட்கார்ந்தார்.

நான்கு நாள் கழித்து அச்சகத்திலிருந்து போன். ஒற்று. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, ஏழாம் பக்கம் பாத்தீங்களா?"

"ஏன் சார், ஒற்று விட்டுப்போச்சா?"

"ஒற்று போயிருந்தா நான் போன் பண்ணியிருக்கமாட்டேன், சந்தோஷமா திருத்தியிருப்பேன். 'முதல் வகுப்பில் பட்டம் பெற்ற மாணவர்கள்'னு இருக்கணும். நீங்க 'மட்டம் பெற்ற மாணவர்கள்'னு அனுப்பியிருக்கீங்க."

அம்மா போனை வைத்துவிட்டுத் தன் வலது கையை மேசை மேல் வைத்து, வேறு யாருடைய கையோ போலப் பார்த்தார்.

அம்மாவின் கீபோர்டில் ப-வும் ம-வும் பக்கத்துப் பக்கத்துச் சாவி. வலது ஆள்காட்டி விரலுக்கு ப, அதற்கு அடுத்த விரலுக்கு ம. அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது அப்பா அலுவலகத்தில் தினசரி நடப்பது. ஆகவே அவருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது.

"இது ஒரு விரல், இன்னொரு விரலோட அதிகாரத்துல தலையிட்ட விவகாரம்," என்றார். "முறையா ஒரு குழு போட்டு விசாரிக்கணும்."

"யார போடப் போறீங்க?" என்றார் அம்மா.

"தொழில்நுட்பம் தெரிஞ்ச ஆளா இருக்கணும். நடுநிலையா இருக்கணும். அந்த மெஷின நல்லா அறிஞ்சிருக்கணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இப்படியாக, நான் ஒரு நபர் விசாரணைக் குழுவானேன்.

என்னிடம் முறை தயாராக இருந்தது, சுவரில் ஒட்டியபடி. ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் மாற்ற வேண்டும். முதலில் அம்மாவின் கண்ணாடியை மாற்றினோம். மூன்று பக்கம் அடிக்கச் சொன்னேன், பிழை இல்லை. ஆனால் கண்ணாடிதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது, மறுபடி பழைய கண்ணாடியைப் போட்டு அடிக்கச் சொன்னேன். அப்போதும் பிழை இல்லை. அடுத்து நாற்காலி. அதற்கடுத்து மேசை விளக்கு. பிறகு அம்மா வேலை செய்யும்போது கேட்கும் ரேடியோவை நிறுத்தினேன். பிறகு விரல் பயிற்சி, காலையில் இருபது முறை, மாலையில் இருபது முறை ஒரு பந்தை அமுக்க வேண்டும்.

"வெப்பம் பாக்கணும்," என்று அம்மாவின் நெற்றியில் கை வைத்தேன்.

"எனக்கு ஜுரம் இல்லடி."

"வேலை செய்யும்போது எவ்ளோ சூடாகுறீங்கன்னு பாக்கறேன்."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இங்க நின்னா நல்லா தெரியும்."

எல்லாப் பாகத்தையும் மாற்றினோம். மாற்றாத பாகம் ஒன்றே ஒன்று. அதற்கு ஃபேன் வைத்திருந்தேன்.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை. ஒரு நாள் மத்தியானம் மொட்டை மாடிக்குப் போய்க் கொதிகலனைக் கேட்டேன். "ராம் தப்பு பண்ணா எழுத்து மாறுமா?"

"மாறும்."

"அப்ப என் ராம்..."

"டெஸ்ட் பாஸ்தானே? பாஸ்னா தப்பு இல்ல. தப்பு இல்லைன்னா எழுத்து மாறாது. சும்மா பயந்து ஸ்பீட குறைச்சிடாத. பத்தாம் இடத்துல இருக்கறவன் காத்துட்டு இருக்கான்."

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. ஒன்பதாம் இடத்தில் ஓட்டை இல்லை என்பதும் தெரிந்தது. கீழே இறங்கி வந்து அம்மாவுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது பகுதி போனது. இந்தத் தடவை ஒற்று போன் பண்ணவில்லை. நேரில் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தாளை மடித்தே வைத்திருந்தார்.

"நிறுவனரைப் பத்தி ஒரு வரி. கையெழுத்துப் பிரதியில 'நம் நிறுவனரின் பலமே இக்கல்லூரியின் பலம்'னு இருக்கு."

"ஆமா சார், அப்படித்தான் அடிச்சேன்."

"ரெண்டாவது 'பலம்' சரியா இருக்கு."

அம்மா தாளை வாங்கி, முதல் 'பலம்' இருந்த இடத்தைப் பார்த்தார். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ," என்றார்.

"வாய்விட்டுப் படிக்கட்டுமான்னு மொதலாளி கேட்டார். நான்தான் வேணாம்னு தடுத்தேன்," என்றார் ஒற்று. "அந்த நிறுவனர் உயிரோட இருக்காரும்மா. அவர் கண்ணுல பட்டிருந்தா அச்சகத்தையே மூடியிருக்கணும்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "வயசாகுதில்ல, யாருக்கும் வர்றதுதான். கடைசிப் பகுதி ஒண்ணு இருக்கு. அதுலயும் ஏதாவது வந்தா, அகராதிய வேற ஒருத்தர்கிட்ட கொடுக்கச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

அவர் போன பிறகு அம்மா மானிட்டர் மேல் தலையணை உறையைப் போர்த்தினார். மறுநாள் கண் டாக்டரிடம் போனார், நரம்பு டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்கி வந்தார். தன் பெயரைத் தாளில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கை நடுங்குகிறதா என்று பார்த்தாராம்.

அவர் டாக்டரிடம் போயிருந்த அந்த முற்பகலில் என் குழு தன் பணியை நிறைவு செய்தது. அதே கணினியில் உட்கார்ந்து நானே அறிக்கையை அடித்தேன். 'அம்மாவின் விரல்கள் குறித்த பரிசோதனை அறிக்கை'. ஒன்றரைப் பக்கம். 'கணினி எல்லாச் சோதனைகளிலும் தேறியுள்ளது. ஆகவே குறைபாடு இயக்குபவரிடமே உள்ளது என்று குழு ஒருமனதாக முடிவு செய்கிறது.' ஒரு நபர் குழுவில் ஒருமனது சுலபம். அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார். முப்பது வருட அனுபவம். அலுவலக வழக்கப்படி அதைச் சில நாள் கிடப்பில் போட்டு, பிறகு ஒரு மேலுறைக் கடிதம் வைத்து, 'தங்கள் மேலான பார்வைக்கு' என்று அச்சகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டார். குடும்பத்தின் நேர்மையை வெளிக்காட்ட வேண்டும் அல்லவா!

கடைசிப் பகுதி, எட்டே பக்கம். அம்மா அதை ஒரு வாரம் அடித்தார். ஒவ்வொரு பக்கத்தையும் உடனே அச்செடுத்து, கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். எட்டுப் பக்கமும் சுத்தம். பிறகு அந்தக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றினார். இதுவரை அவ்வளவோடு எழுந்துவிடுவார். இந்தத் தடவை பயம். பென்டிரைவில் போனதையும் ஒரு தடவை அச்செடுத்துப் படித்தார்.

"இங்க வாடி," என்றார்.

போனேன். இரண்டு தாள். ஒன்றில் 'அறம் வளர்த்த ஆசான்'. இன்னொன்றில் 'அவம் வளர்த்த ஆசான்'.

"அவம்னா என்ன தெரியுமா?"

"தெரியாது."

"வீண். கேவலம். அகராதி அடிக்கப் போறேனேன்னு ரெண்டு மாசமா படிச்சு வெச்சிருக்கேன்." கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இங்க பாரு. ப பக்கத்துல ம இருக்கு. சரி, என் விரல் வழுக்கிச்சுன்னு நானே நம்பினேன். ற எங்க இருக்கு? வலது கை, மேல் வரிசை. வ எங்க இருக்கு? இடது கை, கீழ் வரிசை. எந்த விரல்டி அங்கேருந்து இங்க வழுக்கும்? வழுக்கணும்னா நான் கீழ விழுந்திருக்கணும்."

நான் குனிந்து இரண்டு சாவிகளையும் பார்த்தேன்.

"அதுவும் நான் அடிச்சது சரியா இருக்கு. அது காப்பி எடுத்ததுதான் தப்பா இருக்கு. நடுவுல நான் ஒரு சாவியத் தொடல. நீ இந்த மெஷின என்ன பண்ண?"

"வேகமாக்கினேன்."

"யார் கேட்டா?"

"யாரும் கேக்கல."

"எவ்ளோ வேகம்?"

"கிட்டத்தட்ட இருபது பர்சென்ட்."

"நான் அதே வேகத்துலதானடி அடிக்கிறேன்."

பேரவையில் அறுபத்து நான்கு பேருக்குத் தோன்றாத தொழில்நுட்பக் கேள்வி அது.

சொல்லித்தான் ஆக வேண்டும். கணினிக்கு எழுத்து தெரியாது. ஒவ்வோர் எழுத்தும் அதற்குப் பூஜ்யமும் ஒன்றுமாக ஒரு வரிசை. ப-வின் வரிசையில் ஒரே ஓர் இடத்தில் பூஜ்யம் ஒன்றாகிவிட்டால் அது ம. அதே இடம் மாறினால் ற, வ ஆகும். ர, ழ ஆகும். காப்பி எடுக்கும்போதும் எழுத்தெல்லாம் ராமின் கை வழியாகத்தான் போகும். ஓட முடியாத வேகத்தில் ஓடிய அது அந்த ஓர் இடத்தில் எப்போதாவது தடுக்கி விழுந்திருக்கிறது. நல்லவேளை, ர எங்கேயும் ழ ஆகவில்லை என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

கொதிகலனுக்கு உடனே போன் போட்டேன். "அண்ணா, ராம்தான். எங்கம்மா டைப் பண்ற ஃபைல் எல்லாம் கெட்டுப்போச்சு."

"என்னது, அம்மா வேலை பாக்கற மெஷின்லயா செஞ்ச?" அவருடைய குரலில் முதல் தடவையாக உண்மையான அதிர்ச்சி. "ஏம்மா, அதுலெல்லாம் யாராவது கை வெப்பாங்களா? என் வீட்ல இருக்கறதுல என் பொண்டாட்டி ஆபீஸ் வேலை பாக்கறா. அத நான் திறந்துகூடப் பாத்ததில்ல. கம்பெனில வந்த ஸ்பீடுதான்."

"அப்ப பட்டியல்ல உங்க பேர்ல முதல் இடத்துல இருக்கறது?"

"அதுல யாரும் வேலை பாக்கறதில்ல தங்கச்சி. அது ஸ்க்ரீன்ஷாட்டுக்குன்னு வெச்சிருக்கேன்."

பழைய வேகத்துக்குத் திரும்ப நாற்பது நொடி ஆனது. ஆறு நாள் ஏறிய மலையிலிருந்து நாற்பது நொடியில் இறங்கினேன். பட்டியலிலிருந்தும் என் பெயரை எடுத்துவிட்டேன், பத்தாம் இடத்துக்காரர் நெருப்புப் படம் அனுப்பினார். அம்மா கோப்பைத் திறந்து, மறுபடி பென்டிரைவில் ஏற்றி, மறுபடி அச்செடுத்துப் படித்தார். அறம், அறமாகவே இருந்தது.

மறுநாள் காலை அம்மா தாள்களோடு அச்சகத்துக்குக் கிளம்பினார். "நீயும் வா," என்றார் என்னிடம். "நான் சொன்னா நம்பமாட்டாங்க. வயசானவ சாக்கு சொல்றான்னு நினைப்பாங்க."

வழியெல்லாம் பூஜ்யத்தையும் ஒன்றையும் ஒற்றுக்கு எப்படி விளக்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அதற்கு வேலை வரவில்லை. உள்ளே நுழைந்ததும் அவரே எழுந்து வந்தார். கையில் எங்கள் வீட்டு அறிக்கை.

"வாங்கம்மா. இது நேத்துத் தபால்ல வந்தது. இதையும் நீங்கதான் அடிச்சீங்களா?"

"இல்ல சார். நான் டாக்டர்கிட்ட போயிருந்தேன். இது இவ அடிச்சது. நான் இன்னும் பாக்கவே இல்ல."

"அதே மெஷின்லயா?"

"வீட்ல இருக்கறதே ஒண்ணுதான்."

ஒற்று அப்படியே மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப தப்பு உங்க விரல்ல கிடையாது. மெஷின்தான்!" என்றார். "நீங்க தொடாத தாள்லயும் எழுத்து மாறியிருக்கு. அதுவும் தலைப்புல. இவ்ளோ பெரிய எழுத்துல. இத அடிச்சவங்களும் படிக்கல, கையெழுத்துப் போட்டவரும் படிக்கல." உள்ளே திரும்பி முதலாளிக்குக் குரல் கொடுத்தார். "சார், அகராதிய வேற யாருக்கும் அனுப்ப வேணாம். அம்மா வந்திருக்காங்க!"

அம்மா அறிக்கையை வாங்கினார். தலைப்பில் தொடங்கி, ஒன்றரைப் பக்கத்தையும், 'குழு ஒருமனதாக' என்பது வரை, நிறுத்தி நிதானமாகப் படித்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பழைய நாள்காட்டியைப் படித்தேன்.

ஒற்றுக்குப் பழக்கம் விடவில்லை. அறிக்கையைத் திரும்ப வாங்கி, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, தலைப்பில் வட்டம் போடக் குனிந்தார். அப்போதுதான் நானும் அதை முதல் தடவையாகப் படித்தேன். 'அம்மாவின் விரல்கள் குறித்த பழிசோதனை அறிக்கை'.

அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அத மட்டும் விட்டுடுங்க சார். இத்தன நாள்ல அந்த மெஷின் சரியா அடிச்ச ஒரே வார்த்தை அதுதான்."